ஞாயிற்றுக்கிழமை போர்வை தோய்த்தவளின் பக்கம்

வாகனத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். முதலாவது நான், நேசம். எங்கள் ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். இரண்டாவது ரஞ்சினி அக்கா. வயது அறுபத்தெட்டு, வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது தவம் அண்ணை. வாகனம் அவருடையது, ஓட்டியதும் அவரே. போய்ச் சேர்ந்த இடத்தில் மார்கரட் என்ற அம்மையார் எங்களோடு சேர்ந்துகொண்டார். வருவதாகச் சொல்லியிருந்த என் கணவர் முழங்கால் வலி என்று வீட்டில் நின்றுவிட்டார்.

போனது செப்ரெம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. இந்த வலைப்பூவில் இதுவரை நீர்வீழ்ச்சி, தீவு, அப்பிள் தோட்டம் என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை ஒரு பழைய புத்தகத்தைப் பார்ப்பதற்காக 118 கிலோமீற்றர் போய் வந்தோம். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் ஆலயம் தொடங்கி முப்பது வருடமாகிறது. அதற்காகப் பழைய கூட்டக் குறிப்பேடுகளை எல்லாம் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் போட விழாக்குழு தீர்மானித்தது. பெண்கள் ஐக்கியத்தின் குறிப்பேடுகள் நான்கும் என் வீட்டு அலுமாரியில்தான் இருக்கின்றன. அறிவிப்பு வாசித்த அன்று பின்னேரமே ரஞ்சினி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நேசம், ரெண்டாவது கொப்பியிலை என்ரை பேர் கிடக்கு. ஞாபகமிருக்கோ?"

"ஓம் அக்கா."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுக் குடு."

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய பக்கம் அது. ரஞ்சினி ஞாயிறு ஆராதனைக்கு வராமல் வேலைக்குப் போவதால் ஜெபக்குழுத் தலைவி பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று அதில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. வழிமொழிந்தவளும் நான்தான். அதற்குப் பிறகு அவர் ஆராதனைக்கு வந்தாலும் பின் வாங்கில் இருந்துவிட்டுப் போய்விடுவார். ஐக்கியத்தின் பக்கம் ஒரு நாளும் வரவில்லை. கடையில் கண்டால் சுகம் விசாரிப்போம், அவ்வளவுதான்.

"பேரப்பிள்ளையள் ரெண்டும் தமிழ் வாசிக்கும். சனிக்கிழமை வகுப்புக்கு பஸ்ஸிலை இழுத்துக்கொண்டு போனது நான். எதை வாசிக்க இழுத்துக்கொண்டு போயிருக்கிறன் எண்டு பார்," என்றார்.

கிழிக்கவும் மனம் வரவில்லை, மாட்டேன் என்று சொல்ல வாயும் வரவில்லை. மூன்று நாள் ஜெபித்தேன். நான்காம் நாள், நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைக் கண்டேன். அந்தக் கட்டடம் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த குடும்பங்கள் கட்டிய ஆலயம். குவெல்ஃப் நகரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில், ஸ்கொட்லாந்துத் திருச்சபை ஒன்றின் பழைய குறிப்பேடுகளைச் சனிக்கிழமைகளில் யாரும் வந்து வாசிக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. இருநூற்றைம்பது வருடத்துப் பழைய குறிப்பேடுகள். இவ்வளவு காலம் இப்படியான புத்தகத்தை வைத்திருப்பவர்களுக்கு, ஒருவருக்கு மானக்கேடான பக்கத்தை என்ன செய்வது என்று தெரிந்திருக்கும் அல்லவா? போய்க் கேட்போம் என்று நினைத்தேன். ரஞ்சினி அக்காவிடம் சொன்னபோது, "நானும் வாறன். என்ரை பக்கத்தைப் பற்றித்தானே கதைக்கப்போறாய்," என்றார்.

காலை 7.40க்கு மார்க்கம் வீதியில் அவரை ஏற்றினோம். தவம் அண்ணை பாடசாலை பஸ் ஓட்டுபவர். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களைத் தன் வாகனத்தில் கூட்டிக்கொண்டு போவார். ஒரு நாளுக்கு 120 டொலர், பெற்றோல் செலவு எங்களுடையது. நான் ஜெபிக்கக் கண்ணை மூடியபோது அவர், "நான் பிள்ளையாரைக் கும்பிட்டிட்டுத்தான் வாகனம் எடுத்தனான். நீங்களும் செய்யுங்கோ தங்கச்சி, ரெண்டு இன்சூரன்ஸ் இருந்தால் நல்லதுதானே," என்றார்.

401 நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். 407 எடுத்தால் இருபது நிமிடம் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் கட்டணம் கட்ட வேண்டும், எடுக்கவில்லை. மிசிசாகாவில் வீதி வேலை நடந்தது. ரஞ்சினி அக்கா முன் இருக்கையில், நான் பின்னால். அரை மணித்தியாலமாக அவர் முன்னால் வீதியையும் நான் பக்கத்து வாகனங்களையும் பார்த்துக்கொண்டு போனோம்.

"என்ன ரெண்டு பேரும் உப்பிடி இருக்கிறியள்? செத்தவீட்டுக்கே போறம்?" என்று தவம் அண்ணை கேட்டார்.

"இல்லை அண்ணை, என்ரை வழக்குக்கு," என்றார் ரஞ்சினி அக்கா.

"அப்ப பின்னாலை இருக்கிறது ஆர்? லோயரோ?"

"அவதான் எழுதுவினைஞர்."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவாக ஒட்டவில்லை.

குவெல்ஃபில் கோப்பி குடிக்க 25 நிமிடம் நின்றோம். மூன்று கோப்பியும் 6.85 டொலர். பிறகு ஆறாம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் வழி முழுக்கச் சோள வயலும் பசுக்களும்தான். 10.05க்குப் போய்ச் சேர்ந்தோம். சாம்பல் நிறக் கல்லால் கட்டிய ஆலயம். பக்கத்தில் ஒரு சின்ன ஆறு. வாகனம் நிறுத்தப் பணம் இல்லை. கதவு 10.30க்குத்தான் திறப்பார்கள், அதனால் அவசரப்பட்டு வெளிக்கிட வேண்டாம். காத்திருந்த நேரத்தில் தவம் அண்ணை நான் கொண்டுபோன கட்லட்டில் இரண்டைச் சாப்பிட்டார்.

அதனால் ஒரு சங்கடம் வந்தது. உள்ளே போனதும், அங்கே குறிப்பேடுகளுக்குப் பொறுப்பாக இருந்த மார்கரட் அம்மையார் எல்லோருடைய கையையும் பார்த்தார். எழுபத்தொன்பது வயது, முன்னாள் ஆசிரியை. தவம் அண்ணையைக் கை கழுவிவரச் சொன்னார். கழுவிவிட்டு வந்தவரின் விரலை முகர்ந்து பார்த்து, திரும்பவும் அனுப்பினார். "பள்ளிக்கூடத்திலைகூட என்னை உப்பிடி ஒருத்தரும் செய்யேல்லை," என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். பையை வாசலில் கொழுவிவிட வேண்டும். தலைக்கு ஐந்து டொலர் காணிக்கை.

அங்கே இருப்பது மூலப் புத்தகம் அல்ல. மூலம் ஸ்கொட்லாந்தில் இருக்கிறது. அந்தத் திருச்சபையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வம்சத்தினர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் படியெடுத்து மூன்று பெரிய தொகுதிகளாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய கையெழுத்தை வாசிப்பது கஷ்டம். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே தட்டச்சு செய்த பக்கமும் இருக்கிறது. என்னைப் போலச் சொந்தமாக ஆங்கிலம் படித்தவர்களும் வாசிக்கலாம். நான் எழுத்தில் பிழைத்துக்கொள்வேன், பேச்சில் ரஞ்சினி அக்கா கெட்டிக்காரி. அங்கே அது வசதியாகப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் அங்கே போதகரும் மூப்பர்களும் கூடியிருந்து ஊர் ஆட்களை விசாரிப்பார்களாம். ஒவ்வொரு நாள் விசாரணையும் யார் யார் வந்திருந்தார்கள் என்ற பட்டியலோடு தொடங்குகிறது. பிறகு யார் மீது என்ன முறைப்பாடு, என்ன தீர்ப்பு. பெரிய குற்றங்கள் எதிர்பார்த்துப் போனேன். அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. ஒரு கோழிக்காக இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் கள்ளி என்று திட்டியிருக்கிறார்கள். சபை முன்னால் கைகொடுத்துச் சமாதானமாகும்படி தீர்ப்பு. "கோழிக்குப் பதிலாக் கார் நிப்பாட்டிற இடம் எண்டு போட்டால் எங்கடை அடுக்குமாடிக் கொண்டோதான்," என்றார் தவம் அண்ணை. ஒரு விதவையின் மகனுக்குப் பள்ளிக்கூடம் போகச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சவப்பெட்டிக்கு மேல் விரிக்கும் கறுப்புத் துணி சபையின் சொத்து. அதை வாடகைக்குக் கொடுப்பார்கள், வழியில்லாதவர்களுக்குச் சும்மா. வேலை தேடி வேறு ஊருக்குப் போகும் வேலைக்காரப் பெண், இவள் நல்லவள் என்று பழைய ஊர்ப் போதகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் புது ஊரில் சேர்க்கமாட்டார்கள்.

"கடிதம் கேக்கிறது ஊர் விட்டு வந்த எங்கடை ஆக்களிட்டை மட்டும்தான் எண்டு நினைச்சிருந்தன்," என்றார் ரஞ்சினி அக்கா.

பிறகு நான் வந்த விஷயத்தைக் கேட்டேன். ஒருவரைப் பற்றித் தாழ்வாக எழுதிய பக்கத்தை எடுத்துவிடலாமா? மார்கரட் இரண்டாம் தொகுதியைத் திறந்தார். ஓர் இடத்தில் இரண்டு பக்க எண்களைக் காணவில்லை. நடுவில், கத்தியால் வெட்டிய ஓரம் ஒரு ஒல்லிக் கோடாகப் படியிலும் விழுந்திருக்கிறது.

"இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது இந்த இடத்தைத்தான். முந்திய பக்கத்தின் கடைசி வரியில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் இருக்கிறது. அவள் என்ன செய்தாள் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர்கூட அவளைப் பற்றி நல்ல கதை சொன்னதில்லை," என்றார் மார்கரட்.

ரஞ்சினி அக்கா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மார்கரட் அதே தொகுதியில் பின்னுக்குப் புரட்டி வேறொரு பக்கத்தைக் காட்டினார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்தது அந்தப் பக்கம்தான்.

ஜானெட் என்று ஒருத்தி. ஓய்வு நாளான ஞாயிறில் போர்வை தோய்த்து வேலியில் காயப்போட்டாள் என்று முறைப்பாடு. ஆலயத்துக்குப் போகும் வழியில் மூப்பர் ஒருவர் கண்டுவிட்டார். கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன மறுமொழியும் அங்கே இருக்கிறது, ஐந்து வரியில். பிள்ளைக்குக் காய்ச்சல். இரவு போர்வை முழுக்கச் சத்தி எடுத்துவிட்டது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போர்வை. பொழுதுபட முன் காய்ந்தால்தான் பிள்ளைக்குப் போர்க்கலாம். இனிமேல் அப்படிச் செய்யாதே என்று கண்டித்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று பக்கம் தள்ளி, ஏழைகள் பெட்டியிலிருந்து ஜானெட்டுக்குப் போர்வைத் துணி வாங்கிக் கொடுத்ததாக ஒரு வரி.

"ஏசிப்போட்டு வாங்கிக் குடுத்திருக்கினம்," என்றார் தவம் அண்ணை. கதிரையை இழுத்து எங்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ரஞ்சினி அக்கா மார்கரட்டிடம், இதை எழுதியது யார் என்று கேட்டார். அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்தான் எழுதுவாராம். ஜானெட்டுக்கு அவர் சொந்தமா? இல்லை. அப்படியென்றால் அவள் சொன்னதை ஏன் இவ்வளவு விபரமாக எழுதினார்? மார்கரட்டுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "அவளிடம் கேள்வி கேட்டார்கள். கேள்வியை எழுதினால் பதிலையும் எழுதத்தானே வேண்டும்?" என்றார்.

ரஞ்சினி அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நேசம், அண்டைக்கு நானும் எழும்பிச் சொன்னனான்."

"ஓம் அக்கா."

"எவ்வளவு நேரம் சொல்லியிருப்பன்?"

"ஒரு அஞ்சு நிமிசம்."

"உன்ரை பக்கத்திலை அதுக்கு எத்தினை வரி?"

"ஒண்டும் இல்லை அக்கா."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். மார்கரட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழும்பிப்போய் மூவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து, புத்தகத்துக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்.

ஏன் எழுதவில்லை என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். தீர்மானத்தை மட்டும் எழுது, ஆட்கள் பேசுவதை எல்லாம் எழுதினால் கொப்பி காணாது என்று முந்திய செயலாளர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. அறுவடை விழாவுக்கு யார் எத்தனை பற்றிஸ் பலகாரம் செய்வது என்பதை அதே நாள் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதை எழுதியிருந்தால் கீழே ஏகமனதாக என்ற சொல் நிற்காது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

12.30க்கு ஆற்றங்கரை வாங்கில் பாணும் சீனிச்சம்பலும் மிச்சக் கட்லட்டும் சாப்பிட்டோம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி ரஞ்சினி அக்காவைக் கேட்டேன்.

"உனக்கு மறந்துபோச்சோ?"

"இல்லை. நீங்கள் சொன்ன மாதிரியே எழுதவேணும்."

சொன்னார். அவர் வேலை செய்த இல்லத்தில் பருத்தித்துறை அம்மா ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. கிழமை நாட்களில் வேறு தமிழ்ப் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள். ஞாயிறு மட்டும் யாரும் இல்லை. "மற்ற ஆக்கள் தீத்தினால் துப்பிப்போடுவா. நான் போய், அம்மா வாயைத் திறவுங்கோ எண்டால்தான் திறப்பா. நான் போகாத ஞாயிறு அவ பட்டினி. அதைத்தான் சொன்னன். ஞாயிறு ஒன்றரை மடங்கு சம்பளம், அதுவும் எனக்குத் தேவை எண்டும் சொன்னன். அதுக்கு ஐக்கியத் தலைவி என்ன சொன்னவ?"

"காசை முதலே சொல்லியிருக்கலாமே எண்டு சொன்னவ."

"எல்லாரும் சிரிச்சவை."

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதை அந்த வாங்கிலேயே சொன்னேன். "தெரியும்," என்றார். "நீ கொப்பியாலை வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சனி."

2.40க்குப் புறப்பட்டு 4.55க்கு ஸ்காபரோ வந்து சேர்ந்தோம். திரும்பி வரும்போது ரஞ்சினி அக்கா பின் இருக்கையில் என் பக்கத்தில் இருந்தார். மில்ற்றன் தாண்டும்போது சொன்னார்: "கிழிக்காதை. அந்த வெட்டின பக்கத்துப் பொம்பிளை மாதிரி என்னைப் பற்றியும் ஆளுக்கொரு கதை சொல்ல விட எனக்கு ஏலாது. நான் சொன்னதைப் பக்கத்திலை எழுது. அந்த அம்மாவையும் எழுது, காசையும் எழுது. காசை விட்டிட்டு எழுதினால் அது பொய்."

"இந்தப் பயணத்தைப் பற்றி வலைப்பூவிலை எழுதலாமோ அக்கா? உங்கடை பேரைப் போடமாட்டன்."

"போடு. கொப்பியிலை கிடக்கிற பேர்தானே."

போக விரும்புகிறவர்களுக்குச் சில விபரங்கள். மொத்தச் செலவு 177.25 டொலர். வாகனத்துக்கு 120, பெற்றோல் 35.40, கோப்பி 6.85, காணிக்கை 15. ரஞ்சினி அக்கா சரிபாதி தந்தார், ஒற்றைச் சதம் என் பக்கம். சொந்தக் கார் இருந்தால் அறுபது டொலருக்குள் போய் வரலாம். பஸ்ஸில் குவெல்ஃப் வரைதான் போகலாம், அதற்கப்பால் சனிக்கிழமை ஒன்றும் இல்லை என்று மார்கரட் சொன்னார். அவர்கள் இரண்டே இரண்டு தொண்டர்கள். அதனால் ஊரையும் ஆலயத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தேவையானவர்கள் எனக்கு எழுதினால் தனியாகத் தருகிறேன். சாப்பாட்டைப் புத்தகம் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குளிராக இருக்கும், ஒரு சுவெற்றர் வேண்டும். போக முடியாதவர்கள், இப்படியான பழைய குறிப்பேடுகளின் படங்களை ஸ்கொட்லாந்திலிருந்து இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னார். வீட்டில் இருந்து முயன்று பார்த்தேன், கிடைக்கிறது. ஆனால் தட்டச்சு செய்த பக்கம் இல்லாமல் எனக்கு ஒரு வரிக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

அந்த ஊர் மூப்பர்கள் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்து அவர்கள் முன்னால் நிற்க வேண்டியிருந்தது அந்தத் தாய்க்கு. ஆனால் ஜானெட் பேசியதை அவர்கள் முழுதாகக் கேட்டிருக்கிறார்கள், கேட்டதை ஒருவர் எழுதியும் வைத்திருக்கிறார். அதனால் அவளுக்கு ஒரு போர்வைதான் இருந்தது என்று இன்று எனக்குத் தெரிகிறது. ஆண்டவர் நம்மிடம் கணக்குக் கேட்கும் நாளில் நான் எழுதியதை மட்டுமல்ல, எழுதாததையும் கேட்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது இருக்கும் தடை இதுதான். எங்கள் ஐக்கியத்தின் விதிப்படி பழைய குறிப்பில் ஒரு திருத்தம் எழுதுவதென்றால், அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் முன்மொழிய வேண்டும், இருந்த இன்னொருவர் வழிமொழிய வேண்டும். முன்மொழிவது நான். ரஞ்சினி அக்கா தன் விஷயத்தைத் தானே வழிமொழிய முடியாது. அன்று இருந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் இருவரையும் விட்டால் ஆறு. அதில் இரண்டு பேர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள், ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது. ஒருவருக்குப் போன ஞாயிறு தொலைபேசியில் சொன்னேன். பழசைக் கிண்டாதே என்று வைத்துவிட்டார். மற்ற இருவரில் அன்றைய தலைவி அஜக்ஸ் பக்கம் வீடு மாறிப் போனார், மற்றவர் மொன்றியலில் என்று கேள்வி. இரண்டு பேருடைய இலக்கமும் என்னிடம் இல்லை. நீங்கள் இருவரில் யாராவது இதை வாசித்தால், உங்கள் மீது குற்றம் சொல்ல எழுதவில்லை என்று நம்புங்கள். சிரித்ததை நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ரஞ்சினி அக்கா அன்று எழும்பிப் பேசினார், இன்னதைச் சொன்னார் என்பதற்கு மட்டும் உங்கள் கையொப்பம் வேண்டும்.

விழாக்குழு அடுத்த மாதம் முதல் ஞாயிறு குறிப்பேடுகளை வாங்கிக்கொண்டு போகிறது. அதற்கு முந்திய வியாழக்கிழமைக்கிடையில் ஓம் அல்லது இல்லை என்று தயவுசெய்து எனக்குப் பதில் எழுதுங்கள்.